இசக்கியம்மாள் தோட்டத்துக் கிணறு

வேனையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களுக்கு இசக்கியம்மாளின் கிணற்றை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு வழிகாட்டிப் புத்தகம். அதைப் படித்து மாதம் இரண்டு வேன் வந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு கும்பிட்டுப் போனார்கள். எவனோ அதையே செல்போன் செயலியில் ஏற்றிவிட்டபின் தினமும் இருபது வேன். கிணற்றில் சேறு தெரிந்தது; தென்னைகள் தலையைத் தொங்கப்போட்டன.

புத்தகம் போட்டவரை வரவழைத்தாள். "எம்பேர எடுத்துருங்க அண்ணாச்சி."

"அடுத்த பதிப்புல இருக்காதும்மா. ஆப்புல எடுக்கது என் கையில இல்லியே. யார் கையிலன்னும் தெரியல."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவனிடம் அவள் முந்திக்கொண்டாள். "தண்ணி இல்ல ராசா. தோட்டக்காரி நாய் மாரி கொரைக்கான்னு போன்ல எழுதிப் போடு. ஒருத்தனும் வரப்பிடாது."

அவன் சிரித்துக்கொண்டே தட்டினான். "போட்டுட்டேன்க்கா. தண்ணி இல்லாட்டியும் பரவால்ல, இந்த அக்கா பேச்சைக் கேக்கவே அவசியம் போங்கன்னு. அஞ்சு ஸ்டார்!"