பிளாட்பாரம் நகர்கிறது

ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றபின் தானாகவே சார்பியல் கோட்பாடு படிக்க உட்கார்ந்த ஆவுடையப்பனுக்கு ஒரே ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாக நின்றது. வண்டிக்குள் இருப்பவருக்குப் பிளாட்பாரம்தான் பின்னால் ஓடுகிறது, அதுவும் உண்மைதான் என்றது புத்தகம். கணக்குப் போட்டுப் பார்த்தார், விடை சரியாகத்தான் வந்தது. மனசுதான் ஒப்பவில்லை. "பிளாட்பாரம் ஓடுமாம்ல! நான் நின்ன பிளாட்பாரம்!" என்று மனைவி செண்பகவல்லியிடம் பொரிந்தார். மகள் வீட்டுக்குப் போக இருவரும் ரயிலேறிய அன்றும் வழியெல்லாம் அதே பொருமல். நடுவில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி டீ வாங்கினார். ஹாரன் சத்தம் கேட்டதும், பச்சைக் கொடி காட்டிப் பழகிய கை தோளில் கிடந்த பச்சைத் துண்டை உருவி, உயர்த்தி ஆட்டியது. உடம்பு விறைப்பாக நின்றது. வண்டி கிளம்பிவிட்டது. "என்னங்க, ஏறுங்க! ஏறுங்க!" என்று ஜன்னலில் செண்பகவல்லி அலறினாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்தக் கணத்தில், அவள் இருக்கும் இடத்திலிருந்து அவரால் தன்னையே பார்க்க முடிந்தது: தூண், பெஞ்சு, டீக்கடை, பச்சைத் துண்டோடு ஒரு கிழவன், எல்லாம் சேர்ந்து பின்னால் விரைந்துகொண்டிருந்தன. டீ கையில் சிந்திச் சுட்டது. "ஏளா செண்பகம்!" என்று குதித்தார். "நீ எங்கயும் போகல! நான்தான் போய்க்கிட்டிருக்கேன்!" செண்பகவல்லி அலறுவதை நிறுத்தினாள். பிறகு, ஊருக்குக் கிளம்புகிறவரை வழியனுப்புவதுபோல, மெல்லக் கையசைத்தாள்.