பேரம் பேசாத கூரை

"நூத்தம்பது வெள்ளி ஆகும், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, தங்கராஜு அந்த வீட்டுக்காரம்மா சித்தி ஹாஜராவின் முகத்தைப் பார்த்தார்.

இனி நடக்கப்போவது அவருக்கு மனப்பாடம். அந்தம்மா நெஞ்சில் கை வைப்பார். நூறு என்பார். இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுபோல் நாலடி நடப்பார். கடைசியில் நூற்றிருபதில் வந்து நிற்கும். கூரைக்கு அடிக்கிற மரப்பலகை, ஆணி, கூலி எல்லாம் சேர்ந்து நியாயமான விலையும் அதுதான். மேலே ஏற்றிச் சொன்ன முப்பது, பேரம் பேசுகிறவர்கள் வெட்டி எறிவதற்கென்றே விட்ட வால். பினாங்கில் கூரை வேலை எடுக்கிற யாரும் வாலில்லாமல் விலை சொன்னதில்லை.

"சரிண்ணே. எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்றார் ஹாஜரா.

தங்கராஜுவுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"நூத்தம்பதுன்னு சொன்னேன் தங்கச்சி."

"கேட்டுச்சுண்ணே. வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு. இந்த அத்தாப்பு ஓலை ஒழுகி ஒழுகிப் பிள்ளைங்களுக்குச் சளியே விடல. சேத்து வெச்சது பூரா இந்தக் கூரைக்குத்தான். மழைக்கு முந்தி முடிச்சிருங்க."

"நீங்களும் ஏதாச்சும் பாத்துக் கேக்கலாம்" என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்.

"நான் என்னத்தக் கேக்குறது? கூரை ஏறுற மனுஷன் நீங்க. உங்களுக்குத் தெரியாத கணக்கா?"

முன்பணம் கைக்கு வந்துவிட்டது.

டத்தோ கிராமட் ரோட்டில் திரும்பி நடக்கும்போது கூட்டாளி வேலுவுக்கு வாயெல்லாம் பல்.

"பாவம், ஒன்னும் தெரியாத அம்மாவா இருக்குலா. முப்பது வெள்ளி சும்மா வருதுண்ணே."

தங்கராஜு நடையை எட்டிப் போட்டார். இருபது வருஷத்தில் அவர் போட்ட கணக்கில் பலகை மிஞ்சியதுமில்லை, குறைந்ததுமில்லை. கை சுத்தமான ஆள் என்று ஊரில் பெயர். புருஷன் கடலில் இருக்கிற வீட்டில், பிள்ளைகளின் சளியில் முப்பது வெள்ளி தின்றான் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டுமா? நினைக்கவே கூசியது.

"திருப்பிக் குடுத்துருங்களேன்" என்றான் வேலு.

"எப்படிக் குடுக்குறது? நூத்திருபதே போதும்னா, முதல்ல சொன்னது பொய்னு ஆயிடும்லா."

யோசித்துக்கொண்டே வீடு வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வழி கிடைத்துவிட்டது. வாங்கின காசைக் கூரையிலேயே போட்டுவிட்டால் போச்சு. தங்கராஜுவுக்குத் தெரியாத கூரையா?

மறுநாள் வேலுவிடம் புதுக் கணக்குச் சொன்னார். "பலகைய ரெண்டு அடுக்கா அடிக்க வேணாம், மூணு அடுக்கு. ஆயிரத்துக்கு மேல கூடுதலா எடு. எல்லாம் இரும்பு மாதிரி பிலியான் மரம், ஓரம் வெளுத்த பலகை ஒன்னுகூட வரக்கூடாது."

"இரும்பாணிதானே?"

"கடல் காத்துக்கு அது எத்தன வருஷம் நிக்கும்? செம்பு ஆணி."

வேலு தலையில் கை வைத்துக்கொண்டான்.

கிழிந்த அத்தாப்பை இறக்கியபோது சட்டங்கள் இரண்டு உளுத்திருந்தன. அவற்றையும் மாற்றினார். பேச்சிலேயே இல்லாத அடுப்படிச் சார்ப்புக்கும் பலகை அடித்தார். பலகைக்கு அடியில் பலகையாக, வெளியே தெரியாத இடத்தில்கூட, கோணாமல் வரிசை பிடித்தார். இவ்வளவு அழகாக அவர் தன் சொந்த வீட்டுக்கே செய்ததில்லை. முப்பது வெள்ளியும் கரைந்து, கைக்காசிலும் கொஞ்சம் போயிற்று. ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏணியிலிருந்து இறங்கினார்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டதும், ஒரு ஏமாளிப் பெண்ணைக் காப்பாற்றிவிட்ட நிறைவு தங்கராஜுவுக்கு.

மழை விட்ட ஒரு காலையில் மீன் வாங்கச் சவுராஸ்தா பசாருக்குப் போனார். மீன் வரிசையில் ஒரே கூட்டம். நடுவில் சித்தி ஹாஜரா, ஒரு கையில் பாறை மீன், மறு கையை இடுப்பில் ஊன்றி நின்றார்.

"அம்பது காசா? இந்தச் செவுள் நேத்தே வெளுத்திருச்சு. இருபத்தஞ்சு. குடுக்குறதுன்னா குடு, இல்லாட்டி பூனைக்குப் போடு."

மீன்காரன் கும்பிட்டுவிட்டு இருபத்தைந்துக்குக் கொடுத்தான். பக்கத்துக் கடைக்காரன் அவர் வருவதைப் பார்த்ததுமே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

தங்கராஜு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் போனார்.

"ஏன் தங்கச்சி, ஒரு மீனுக்கு இந்தப் பேரம் பேசுறீங்க. அன்னிக்கு என்கிட்ட மட்டும் ஏன் வாயே திறக்கல? நூத்தம்பது ஜாஸ்தின்னு தெரியலையா?"

"தெரியாம என்னண்ணே? நூத்திருபதுதான் ஆகும்னு அடுத்த வீட்டு அப்துல் ரஹீம் பாய் முந்தியே சொல்லிட்டாரு" என்றார் ஹாஜரா, மீனைக் கூடையில் வைத்துக்கொண்டே.

"அப்புறம்?"

"மீன்னா நானே திருப்பிப் பாத்து வாங்கிருவேன். பலகைக்கு அடியில பலகை இருக்கா இல்லையான்னு நான் ஏறியா பாக்க முடியும்? கை சுத்தமான ஆளு நீங்க, ஜாஸ்தி வாங்குன காசு உங்க மனசுல உறுத்தும்ல. அதான் காவலுக்கு உங்களையே வெச்சேன்."