கம்ப்யூட்டர் தூங்குகிறது

“உஷ்… பூட்ஸைக் கழட்டிட்டு மெதுவா வாப்பா. தூங்குது!”

கார்னெட் வாசலிலேயே நின்றான். “யார் சார் தூங்கறது?”

“கம்ப்யூட்டர்.”

சொன்னவர் அந்த இன்சூரன்ஸ் கிளையின் மேனேஜர் டட்டில். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் டை, காலில் வெறும் சாக்ஸ்.

கார்னெட் எட்டிப் பார்த்தான். வரிசையாக ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறின் தலையிலும் குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லா. எதிரே ஆறு பெண்கள் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவன். டொராண்டோவில் இருக்கும் தலைமை அலுவலகம்தான் அவனை அனுப்பியிருந்தது. வின்னிபெக் கிளையில் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களுக்குக் கால் மணி நேரம் ஓய்வு கொடுக்கிறார்களே, அது தேவையா? பார்த்து எழுதித் தர வேண்டும். ‘தேவையில்லை’ என்று அவன் எழுதினால் நாளையிலிருந்து ஓய்வு ரத்து.

“கம்ப்யூட்டருக்கு எதுக்கு சார் ஓய்வு?”

“படிச்ச பையன் கேக்கற கேள்வியாப்பா இது? காலையிலேருந்து பாலிசி நம்பரா உள்ளே திணிக்கிறோம். செரிக்க வேண்டாமா? வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு நீ ஓடுவியா?”

“சரி, குல்லா?”

“வெளியே மைனஸ் முப்பது. இந்த ஊர்ல காருக்கே பிளக் மாட்டிச் சூடு காட்டினாத்தான் காலையில கிளம்புது. கம்ப்யூட்டர் என்ன இரும்பா?”

“இரும்புதான் சார்.”

“மெதுவா பேசு! காதுல விழுந்துடப் போகுது. போன வருஷம் ஒருநாள் சத்தம் போட்டுட்டேன். அன்னிக்குப் பூரா ஒரு நம்பர் கூடச் சரியா வரலை. கோவிச்சுக்கிச்சு.”

கார்னெட் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். அவன் அப்பா ரயில்வே பட்டறையில் தொழிற்சங்கம் வளர்த்தவர். மேனேஜர் நாற்காலியில் உட்கார மூளை எதற்கு என்பார். கிழவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கால் மணி முடிந்தது. டட்டில் நுனிக்காலில் போய், ஒவ்வொரு குல்லாவாக எடுத்தார். “எழுந்துக்கோ கண்ணு, எழுந்துக்கோ.”

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மதியம் சாப்பாட்டு அறையில், ஆறு பேரில் மூத்தவளான ஸ்டெஃபனியா ஒரு தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். “தம்பி, பெரோகி சாப்பிடு. உருளைக்கிழங்கு வெச்ச கொழுக்கட்டை.”

“லஞ்சம் மாதிரி இருக்கே.”

“மாதிரி என்ன, லஞ்சமேதான்.”

அவள் சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டில் இறுக்கிய கட்டு. மற்ற ஐந்து பேரும் கையை நீட்டினார்கள். அங்கேயும் கட்டு.

“பதினாறு வருஷமா இந்தக் கை தட்டிக்கிட்டே இருக்கு. வலி தாங்கலை, நடுவுல கால் மணி விடுங்கன்னு மேனேஜர்கிட்ட மூணு தடவை கேட்டோம். ‘டொராண்டோவுக்கு எழுதறேன்’னார். எழுதியிருந்தாத்தானே! ஒருநாள் வெறுத்துப்போய், ‘சார், கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது’ன்னேன். மனுஷன் பதறிட்டார் போ! அந்த வாரமே உத்தரவு வந்துடுச்சு.”

“அப்போ அந்தக் குல்லா?”

“நான்தான் பின்னினேன். நாங்க குளிருதுன்னோம், ஹீட்டரை ஏத்தலை. கம்ப்யூட்டருக்குக் குளிருதுன்னு குல்லா போட்டோம், ஏத்திட்டார்.”

“சத்தம் போட்டா கோவிச்சுக்குமாமே?”

மூலையில் இருந்தவள் கையைத் தூக்கினாள். “அது என் யோசனை. அன்னிக்கு ஆறு பேரும் வேணும்னே தப்பா அடிச்சோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெஃபனியாதான் முதலில் நிறுத்தினாள். “எங்க ஆறு பேர் கையும் இப்ப உன் பேனாவிலதான் இருக்கு தம்பி.”

கார்னெட் இதுவரை அறிக்கையில் பொய் எழுதியதில்லை. பெரோகியை மென்று விழுங்கிவிட்டு எழுதினான்: ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களுக்குக் கால் மணி நேர ஓய்வு மிக அவசியம்.’

கையெழுத்து வாங்க மேனேஜர் அறைக்குப் போனான். டட்டில் அதை இரண்டு முறை படித்தார்.

“கால் மணி போதுமாப்பா? இருபது நிமிஷம்னு போடேன்.”

“கம்ப்யூட்டருக்கா சார்?”

டட்டில் எழுந்து கதவைச் சாத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து நான்கு கடிதங்களை எடுத்துப் போட்டார். எல்லாம் டொராண்டோவிலிருந்து வந்த பதில்கள்.

மூன்றில் ஒரே வாசகம்: ‘ஊழியர்களுக்கு இடைவேளை வீண்செலவு. அனுமதி இல்லை.’

நான்காவதில்: ‘இயந்திரங்களுக்கு ஓய்வு பராமரிப்புப் பணி. உடனடியாக அனுமதிக்கப்படுகிறது.’

கார்னெட் நிமிர்ந்தான். “அப்போ, கம்ப்யூட்டர் தூங்காதுன்னு உங்களுக்கு…”

“இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் காலேஜ்ல கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன்ப்பா.”

“அவங்ககிட்ட சொல்லிடலாமே சார்! உங்களை அடிமுட்டாள்னு நினைச்சுச் சிரிக்கிறாங்க!”

“சொல்லித் தொலைச்சிடாதே!” டட்டில் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கால் மணியில அவங்களுக்குக் கிடைக்கிற பாதி ஓய்வு அந்தச் சிரிப்புதான்.”