ஷட்டருக்கு இந்தப் பக்கம்

வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேர் விடுமுறைக்கு இந்த நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம். மத்தியான வெயிலில் கடைத்தெருவே திடீரென்று தலைதெறிக்க ஓடுகிறது. என்னவென்று கேட்கப் பாஷை தெரியவில்லை. ஒரு கடிகாரக் கடைக்காரர் எங்களில் மூன்று பேரை உள்ளே இழுத்து ஷட்டரை இறக்குகிறார். முழங்கால் உயர இடைவெளியில் கணக்கு டீச்சரின் நீலச் செருப்பு வெளியே தடுமாறுகிறது. "அக்கா, குனிஞ்சு வாங்க!" என்று கத்தியபடி அறிவியல் சார் தரையில் படுத்து அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். அக்கா உள்ளே வந்து விழுந்ததும் ஷட்டர் தரையைத் தொடுகிறது. அரையிருட்டில் சுவரெல்லாம் டிக்டிக்கென்கிறது. "நாலு பேரும் இருக்கோம்ல?" அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. "இருக்கோம்க்கா." அப்போது யாரோ வெளியிலிருந்து உள்ளங்கையால் ஷட்டரை அறைகிறார்கள். புரியாத பாஷையில் ஒரு பெண் குரல் கெஞ்சுகிறது. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்க்கிறார். திறக்கச் சொல்லி எங்களில் ஒருவரும் தலையசைக்கவில்லை.