அக்காவின் நடை

சிறுவயதில் முழங்காலில் வந்த கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்ததில், தங்கையின் இடக்கால் எலும்பு வளர்வதையே நிறுத்திவிட்டது. அதனால் அவளுடைய இடது செருப்புக்கு மட்டும் அடி தடிமன். கூடவே பிறந்த இரட்டையான அக்கா நிமிர்ந்து நடக்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும்.

அன்று எக்ஸ்ரே எடுத்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கதிர் பட்ட எலும்பு இந்த வயசுல வளராதும்மா. ஆனா ரெண்டு காலும் சமமா இருக்கே.”

பெருமையடித்துக்கொள்ள வீட்டுக்கு ஓடினாள். அக்கா படியில் உட்கார்ந்து இடக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். தங்கை இன்னும் வாயே திறக்கவில்லை.

“காலையிலேர்ந்து ஒரு பக்கமா சாயுதுடி. உனக்குத்தான் இனிமே வேண்டாமே, அந்தச் செருப்பைக் குடு.”

செருப்பு அளவெடுத்துத் தைத்தாற்போலிருந்தது. அக்கா எழுந்து வாசல்வரை நடந்தாள். அந்தச் செருப்பிலும் அவள் நடை அழகாகத்தான் இருந்தது. தங்கைக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.