எந்த போனிலும் கேட்கும்படி

ஸ்பீக்கரிலிருந்து வந்த முதல் வசவுக்கே ஜஸ்டின் முகத்தைச் சுளித்தான். இரண்டாவதில் போனின் எதிர்முனையில் இருந்த பெண்ணின் ஆத்தா சந்திக்கு இழுக்கப்பட்டாள். மூன்றாவதைக் கேட்டு, கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

“சார், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க சார்...” என்று அந்தப் பெண் குரல் கெஞ்சியது.

“பொத்துடி!” என்றான் திட்டியவன். அவனுக்குப் பின்னால் யாரோ, “மணமேல்குடி, மணமேல்குடி!” என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டார்கள்.

ஜஸ்டின் பட்டென்று நிறுத்தினான். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்ததிலிருந்து காதுகுத்து, கருமாதி என்று எத்தனையோ கேசட்டைப் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். இப்படி ஒரு சாக்கடை வந்ததில்லை.

“யாருங்கய்யா இந்த நாறவாயன்? தொண்டையப் பாருங்க, தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி!”

எதிரே உட்கார்ந்திருந்த வேட்டிக்காரப் பெரியவர் பெருமூச்சு விட்டார். “நெட்டு வரலைன்னு போன் போட்ட ஆளு தம்பி. கெஞ்சுறது எந் தங்கச்சி மக ஷர்லி. கால் சென்டர்ல இருக்கு. அங்க பதிவானதுங்க, எந்த போன்லயும் பாட மாட்டேங்குது.”

“அவுங்க சிஸ்டத்துல மட்டுந்தான் ஓடும். நெட்டுல போட்டு எம்பி3-யா மாத்தித் தாரேன். போலீசுக்கா?”

“எம் பொண்டாட்டிக்கு. எம் மகளுக்கு வந்திருக்கிற மாப்பிள்ளையே இவன்தான். பேரையும் அட்ரஸையும் பாத்ததும் ஷர்லிக்கு நெனப்பு வந்திருச்சு. அதிர்ந்து பேசாத புள்ளைன்னு அவன் அம்மா சொன்னதை எம் வீட்டுல நம்பிட்டா. என்ன தம்பி பண்றது?”

“இவனுக்கு எருமை மாட்டைக்கூடக் கட்டி வைக்காதீங்க!”

“சத்தியமாவா?”

“மாதா மேல ஆணையா!”

திரையில் ஓடிக்கொண்டிருந்த நீலக் கோடு பாதியில் நின்றது. “சே! இந்த நெட்டுக்காரனுங்களுக்கு வாரத்துக்கு ஒருக்கா பூசை போட்டாத்தான் சரிப்படும்” என்று முனகியபடி ஜஸ்டின் ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். கோடு நகர்ந்து முடிந்தது.

வெளியே கண்டக்டர், “மணமேல்குடி, மணமேல்குடி!” என்று கத்தினார்.

பெரியவர் பென்டிரைவை வாங்கி மடியில் முடிந்துகொண்டு எழுந்தார்.

“நாளைக்கு நாங்க மாப்பிள்ளை பாக்க வரலைன்னு ஒங்க அம்மாகிட்ட சொல்லிருங்க, ஜஸ்டின்.”