ஆளுக்கு ஒரு பை

"ஆளுக்கு ஒரே ஒரு பை. உடம்புல போட்டிருக்கிறது மட்டும்தான் கணக்குல வராது. மத்ததெல்லாம் பையில அடங்கணும். அடங்காட்டி வூட்டுலயே வச்சிட்டு வாங்க."

யாத்திரை ஏஜெண்டு முருகையன் கறாராகச் சொல்லிவிட்டார். உலக யுத்தம் முடிந்தபின் முதல் தடவையாக, செட்டிகுளத்திலிருந்து இருபது பேரைச் சிலோனுக்கு, கதிர்காமத்து முருகனிடம் கூட்டிப் போகிறார். ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று ஏறி இறங்க வேண்டும். முன்னொரு தடவை மூட்டை எண்ணிக்கொண்டிருந்ததில் கப்பலையே கோட்டைவிட்ட மனிதர் அவர்.

"அரை மூட்டை சின்ன வெங்காயம் மட்டும் எடுத்துக்கறேனே?" என்றாள் ஜெயலட்சுமி.

"அங்க கடை போடப் போறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆண்டாயி ஒரு தகரப் பெட்டியோடு வந்து ஓரமாக நின்றாள். யாத்திரைக்குப் பேர் கொடுத்திருந்த ரத்தினம்மாளின் வயலில் களை எடுக்கிறவள். அவள் மகள் அம்சவள்ளி கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம்.

"மவளுக்குத் தாய்வூட்டுச் சீருங்க. நான்தான் போவ முடியல. இதையாச்சும் யாராவது..."

"உனக்குச் செஞ்சா நாளைக்கு ஊரே பெட்டியோட வந்து நிக்கும். முடியாதும்மா" என்றார் முருகையன்.

ஆண்டாயி ரத்தினம்மாளைப் பார்த்தாள்.

"சட்டம்னா சட்டம்தான். பெட்டியத் தூக்கிட்டு வூட்டுக்குப் போ" என்றாள் ரத்தினம்மாள், முகத்தில் அடித்த மாதிரி.

ஆண்டாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வருஷம் முழுக்கத் தன் வயலில் குனிந்து நிமிர்கிறவளிடம் இப்படியா பேசுவாள் ஒருத்தி!

அடுத்த வாரம், அரியலூர் ஸ்டேஷன். மாட்டுவண்டியிலிருந்து ரத்தினம்மாள் இறங்கியதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்த ஒல்லிக் கை இரண்டிலும், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்! வயது நாற்பத்தெட்டு. இத்தனை வருஷமும் ஒரு ஜோடி தங்கக் காப்போடு நிறுத்திக்கொண்டவள்.

"சாமி கும்பிடப் போறவளுக்கு என்ன சிங்காரம் வேண்டிக்கெடக்கு?" என்றாள் ஜெயலட்சுமி. பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் குரலைத் தாழ்த்தினாள். "புள்ள இல்லாதவ. ஒரு வளைகாப்புக்கும் யாரும் கூப்பிடறதில்ல. போன மாசம் என் மவ வளைகாப்புக்கு நானே சொல்லல. அந்த ஏக்கத்துல தனக்குத்தானே போட்டுக்கிட்டா போல."

சொன்னவளுக்கு அதில் ஒரு திருப்தி.

வழி முழுக்க ரத்தினம்மாள் ஒரு துரும்பைத் தூக்கவில்லை. அவள் பையையும் சேர்த்துப் புருஷன் வைத்திலிங்கமே சுமந்தார். அவள் தூங்கும்போதும் உட்கார்ந்தபடிதான், கையை மடியில் வைத்துக்கொண்டு.

"இந்தச் செம்ப ஒரு நிமிஷம் பிடிங்களேன்" என்று ஜெயலட்சுமி கேட்டதற்கு, "என்னால ஆவாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

தனுஷ்கோடியில் கப்பல் கிளம்பி ஆடத் தொடங்கியது. ஆளாளுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ரத்தினம்மாள் மட்டும் கையை நெஞ்சோடு தூக்கி வைத்துக்கொண்டு புருஷன்மேல் சாய்ந்து நின்றாள்.

"மகாராணிக்குக் கம்பியத் தொட்டாக் கை கறுத்துடும்" என்றாள் ஜெயலட்சுமி. இந்த முறை முருகையனும் சிரித்தார்.

கண்டி ஸ்டேஷனில் இறங்கியபோது, பிளாட்பாரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் புருஷனோடு காத்திருந்தாள். அம்சவள்ளிதான்.

ரத்தினம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "முருகையா, சோப்பு இருக்கா?"

சோப்பு வந்தது. கையை நனைத்துக் குழைத்து, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வைத்திலிங்கம் விரித்த துண்டில் வைத்தாள்.

"உங்கம்மா கொடுத்ததுடி. ஒண்ணுகூட உடையல, பாத்துக்க."

முருகையன் திகைத்துப்போனார். "பெட்டியத்தான் வேணாம்னீங்களே அம்மா?"

"பெட்டிதான வேணாம்னீங்க? உடம்புல போட்டிருக்கிறது கணக்குல வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

வைத்திலிங்கம் சிரித்தார். "எல்லார் முன்னாடியும் சரின்னுருந்தா ஊர்ப் பெட்டியெல்லாம் உங்க தலையில ஏறியிருக்கும். அன்னிக்குச் சாயங்காலமே ஆண்டாயி வூட்டுக்குப் போயி வளையல வாங்கிட்டு வந்துட்டா. கெளம்புறன்னிக்கு எண்ணெயத் தடவி மாட்டிக்கிட்டா."

ஜெயலட்சுமி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

ரத்தினம்மாள் துண்டை அவள் பக்கம் நகர்த்தினாள். குரலில் குத்தல் இல்லை.

"நீ போட்டுவுடு ஜெயலட்சுமி. நாலு பெத்தவ. நான் போடக் கூடாது."

அம்சவள்ளி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்கம்மா. அம்மா கார்டு போட்டிருக்கு." மடியிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினாள். "'பெட்டி வரல, வளையல் ரத்தினம்மா கையிலயே வருது. அந்தக் கையாலதான் நீ போட்டுக்கணும், வேற கை வேணாம்'னு எழுதச் சொல்லியிருக்கு."

ரத்தினம்மாள் ஒரு பச்சை வளையலை எடுத்தாள். கப்பலில் நெஞ்சோடு தூக்கி வைத்திருந்த கை, வளையலோடு பாதி வழியில் நின்றது.

அம்சவள்ளிதான் அந்தக் கையைப் பிடித்து, தன் கைக்குக் கொண்டுபோனாள்.